எட்டு மணிக்குப் பசித்தால்

ஸ்பெயினுக்குப் போய்விட்டு வந்த நம்மவர்களிடம் ஓட்டல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அறையைப் பற்றிப் பிறகுதான் பேசுவார்கள். "ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு கேட்டால் சமையற்கட்டே திறக்கவில்லை என்கிறான் சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடுத்தது சத்தம். அடுத்தது காய்கறியில் கிடந்த பன்றி இறைச்சி. அதற்கும் அடுத்தது பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் தட்டச்சு செய்த வரவேற்பாளர். இந்தப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இருக்கிறது. சிலவற்றுக்கு மட்டும்தான் ஓட்டல்காரரைத் திட்டலாம். யாரை எதற்குத் திட்டுவது என்று தெரிந்துகொண்டு போனால் பயணத்தில் பாதிக் கோபம் மிச்சம்.

முதலில் சாப்பாட்டு நேரம். இதில் ஓட்டல்காரர் நிரபராதி.

வரைபடத்தைப் பார்த்தால் ஸ்பெயினின் பெரும்பகுதி லண்டனுக்கும் மேற்கே இருப்பது தெரியும். கிரீன்விச் தீர்க்கரேகை நாட்டின் கிழக்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. பார்சிலோனாவிலிருந்து ஸரகோஸா போகும் நெடுஞ்சாலையில் அந்த ரேகைக்கென்றே ஒரு வளைவு கட்டி வைத்திருக்கிறார்கள். நியாயப்படி லண்டன் நேரம்தான் மாட்ரிட்டுக்கும் பொருந்தும். 1901 முதல் அந்த நேரத்தைத்தான் வைத்திருந்தார்கள். 1940 மார்ச்சில் ஜெனரல் ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி பெர்லின் நேரத்துக்குக் கொண்டுபோனது. உலகப் போர் முடிந்தது, ஃபிராங்கோ போய்ச் சேர்ந்தார், கடிகாரம் மட்டும் திரும்பவில்லை. கோடையில் எல்லா ஐரோப்பியரையும் போல இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வார்கள். ஆகவே ஜூன் கடைசியில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வரும்போது பகல் 2.15. அஸ்தமனம் இரவு 9.45 வாக்கில். வடமேற்கு மூலையில் உள்ள கலீஸியாவில் பத்து மணி தாண்டித்தான் வெளிச்சம் போகும்.

இதை வைத்துக்கொண்டு அவர்களுடைய சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். மதியச் சாப்பாடு 2 மணிக்கு. சூரியக் கணக்கில் அது நண்பகல். இரவுச் சாப்பாடு 9.30க்கு, சூரியக் கணக்கில் ஏழேகால். நம் வீடுகளிலும் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில்தான் சோறு போடுவோம். அவர்கள் கைக்கடிகாரம்தான் பொய் சொல்கிறது, வயிறு சரியாகத்தான் இருக்கிறது.

டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறதே, அப்போதும் ஏன் ஒன்பதரை என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வறுமையில் பகலில் ஒரு வேலை, மாலையில் இன்னொரு வேலை என்று ஓடிய தலைமுறை ஒன்று இருந்தது. நடுவில் நீண்ட மதிய இடைவேளை, வீடு திரும்ப இரவாகிவிடும். அந்தப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஆக, கொஞ்சம் சூரியன், கொஞ்சம் வரலாறு, மிச்சம் பிடிவாதம்.

சரி, எட்டு மணிக்குப் பசித்தால்? பாருக்குப் போங்கள். முகம் சுளிக்க வேண்டாம். அங்கே பார் என்பது பாட்டியும் பேரனும் காபிக்கு வருகிற இடம். மதுவும் உண்டு, யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்னத் தட்டுகளில் ஏதாவது இருக்கும். கிரனாடா பக்கம் போனால் ஒரு பானம் வாங்கினாலே கூடவே ஒரு தட்டு இலவசமாக வரும். இதைவிட நல்ல யோசனை, அவர்களைப் போலவே மதியத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது. வார நாட்களில் எந்தச் சாதாரண உணவகத்திலும் 'மெனு தெல் தியா' என்று ஒரு நிலையான விலைச் சாப்பாடு கிடைக்கும்: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, பானம், கடைசியில் இனிப்போ பழமோ. 1960களில் சுற்றுலா அமைச்சகம் பயணிகளுக்காக உணவகங்கள் மேல் சுமத்திய திட்டத்திலிருந்து வளர்ந்தது இது. பயணிகளைவிட உள்ளூர் அலுவலக ஊழியர்கள்தான் இன்றைக்கு இதை நம்பி வாழ்கிறார்கள்.

பெனிடோர்ம், மயோர்கா போன்ற கடற்கரை ஓட்டல்களில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பஃபே ஏழு மணிக்கே திறந்துவிடும், சில இடங்களில் அதற்கும் முன்னால். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் வரிசையில் நிற்பார்கள். பெனிடோர்மில் 186 மீட்டர் உயரத்துக்கு ஓர் ஓட்டலே இருக்கிறது, 2002இல் திறந்தது. அதன் உச்சியிலிருந்து கடல் தெரியும், மலை தெரியும். ஸ்பெயினைப் பார்க்கக் கீழே இறங்கி இரண்டு தெரு நடக்க வேண்டும்.

இனி தூக்கம். இங்கே ஓட்டல்காரரைக் கொஞ்சம் திட்டிக்கொள்ளலாம்.

ஒன்பதரைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர்கள் பதினொன்றரைக்கு எழுந்திருப்பார்கள். எழுந்ததும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். சதுக்கத்தில் நின்று பேசுவார்கள். ஆகஸ்டில் நடுநிசிக்குக் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருக்கும். பகல் முழுவதும் 40 டிகிரி கொளுத்திய ஊரில் அந்த நேரத்துக்குத்தான் காற்றே வருகிறது, பாவம். அதன்பிறகு குப்பை லாரி. குப்பை அள்ளுவது பல நகரங்களில் இரவு வேலை. உணவகங்களின் காலி பாட்டில்களை ஒரேயடியாகத் தொட்டியில் கொட்டுகிற ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. அது அடங்கியதும் தெருவைக் குழாய் வைத்துக் கழுவும் வண்டி வரும். ஊர் சுத்தமாக இருக்கிறதே என்று காலையில் வியப்பீர்களே, அது எப்படி என்று இரவிலேயே தெரிந்துவிடும்.

தெருச் சத்தத்துக்கு ஓட்டல்காரர் பொறுப்பில்லை. சுவருக்குப் பொறுப்பு. பழைய கட்டடங்களைப் பிரித்து அறையாக்கிய இடங்களில் நடுச்சுவர் துளையுள்ள மெல்லிய செங்கல்லில் எழுப்பப்பட்டிருக்கும். தரையெல்லாம் ஓடு, கம்பளம் கிடையாது. வெயில் நாட்டுக்கு ஓட்டுத்தரை குளிர்ச்சிதான். ஆனால் மேல்மாடிக்காரர் நாற்காலியை இழுத்தால் உங்கள் கட்டிலை இழுத்ததுபோல இருக்கும். பக்கத்து அறைக்காரர் தும்மினால் நீங்கள் நூறாயுசு சொல்லலாம்.

அறை பதியும்போதே ஒரு கேள்வி கேட்பார்கள்: வெளிப்பக்கமா, உட்பக்கமா? வெளிப்பக்கம் என்றால் தெரு, பால்கனி, வெளிச்சம், மேலே சொன்ன கச்சேரி முழுவதும். உட்பக்கம் என்றால் கட்டடத்தின் நடுவில் உள்ள காற்றுக்கூண்டைப் பார்த்த ஜன்னல். எதிர்வீட்டுத் துணிக்கொடி தெரியும், யார் வீட்டில் பூண்டு வதக்குகிறார்கள் என்பது தெரியும், வானம் அண்ணாந்தால்தான் தெரியும். விலை குறைவு. நான் தூக்கத்துக்கு ஓட்டுப் போடுகிறவன், உட்பக்கம்தான் கேட்பேன். வெளிச்சம் வேண்டுமென்றால் தெருவில் இறங்கிக்கொள்ளலாம்.

வெளிப்பக்க அறையே கிடைத்தாலும் ஒரு வரப்பிரசாதம் உண்டு: 'பெர்சியானா'. ஜன்னலுக்கு வெளியே சுருட்டி ஏற்றி இறக்கும் தட்டிக்கதவு. உள்ளே சுவரோரம் ஒரு நாடா தொங்கும். அதைத் தளர்த்தினால் கடகடவென்று இறங்கி, பகல் பத்து மணியை அமாவாசை ஆக்கிவிடும். வடக்கு ஐரோப்பாவில் மெல்லிய திரையோடு கோடை இரவைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரே குறை, ஆறு மணிக்கு எழுகிறவர் ஏற்றும்போது மாடி முழுக்க விடிந்துவிடும்.

திருவிழா நாட்களில் அறை கிடைத்தது அதிர்ஷ்டம் என்று மகிழ்வதற்கு முன் தேதியைப் பாருங்கள். வலென்சியாவில் ஃபாயாஸ் விழா மார்ச் 15 முதல் 19 வரை உச்சத்தில் இருக்கும். நள்ளிரவு தாண்டி வாணவேடிக்கை; விடிந்து எட்டு மணிக்குப் பேண்டு வாத்தியத்தோடு தெருத்தெருவாக வெடி போட்டு ஊரை எழுப்பும் சடங்கு; மதியம் இரண்டு மணிக்கு நகரசபைச் சதுக்கத்தில் ஓசைக்காகவே ஒரு வெடிக் கச்சேரி. அந்த வாரம் அங்கே ஓட்டல் எடுப்பவர் துணி மாற்றவும் பெட்டி வைக்கவும்தான் எடுக்கிறார். தூங்க வேண்டுமென்றால் வேறு ஊர்.

கட்டிலைப் பற்றி ஒரு செய்தி. இரட்டைக் கட்டில் கேட்டிருப்பீர்கள். இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டு மேலே ஒரே விரிப்பை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். நடு இரவில் பிளவு தெரியவரும். அந்த விரிப்பை அப்படி இறுக்குவது யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பெயினின் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் 'லாஸ் கெல்லீஸ்' என்ற பெயரில் சங்கமாகத் திரண்டிருக்கிறார்கள். ஒரு ஷிப்டுக்கு இத்தனை அறை என்று எண்ணித் தரப்படும் வேலை, கனத்த மெத்தைகளைத் தூக்கித் தூக்கிப் போன முதுகு, வேலையை வெளி ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டதால் குறைந்த சம்பளம். இவைதான் அவர்களுடைய புகார்கள். நம்முடைய புகார்களைவிட அவை கனமானவை. பலேயாரிக் தீவுகளின் சட்டமன்றம் 2022இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இயந்திரத்தால் உயர்த்தக்கூடிய கட்டில்களை ஓட்டல்கள் படிப்படியாகப் போட வேண்டும், குனிந்து மெத்தை தூக்கும் வேலை குறைய வேண்டும் என்பதற்காக. அறையைக் காலி செய்யும் அன்று தலையணை மேல் இரண்டு மூன்று யூரோ வைத்துவிட்டு வந்தால் தப்பில்லை.

குளியலறையில் நம் ஆட்களுக்கு ஓர் ஆறுதல் காத்திருக்கிறது: பிடே. பழைய ஓட்டல்களில் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பீங்கான் தொட்டி, குழாயோடு. அமெரிக்கர்கள் அதில் சாக்ஸ் துவைக்கிறார்கள். நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குளிக்கும் தொட்டிக்கு வைத்திருக்கும் கண்ணாடித் தடுப்பு பாதி வரைதான் இருக்கும். மீதிப் பாதி வழியாகத் தண்ணீர் முழுக்கத் தரைக்கு வரும். இதற்கு வரலாற்றுக் காரணம் எதையும் நான் தேடவில்லை. திட்டிக்கொள்ளுங்கள்.

காலை உணவு. தக்காளியைத் துருவி ஆலிவ் எண்ணெயோடு ரொட்டியில் தடவித் தின்பது அங்கே தேசிய வழக்கம். எளிமையானது, அருமையானது, சைவமும்கூட. சூர்ரோவும் சைவம்தான், மாவும் எண்ணெயும். காபி சில இடங்களில் கரிந்த கசப்போடு இருக்கும். கொட்டையோடு சர்க்கரையைச் சேர்த்து வறுத்துக் கறுப்பாக்கும் 'தொர்ரெஃபாக்தோ' முறை அது. நாம் சிக்கரி கலந்து குடித்தே பழகிய மாதிரி, பற்றாக்குறைக் காலத்தில் கொட்டையை நீட்டிக்க அவர்களுக்குக் கைகொடுத்து, பிறகு நாக்குக்கும் பழகிப்போனது. டீ மட்டும் கேட்காதீர்கள். பால் விட்ட டீ என்றால் பல இடங்களில் ஒரு கோப்பைச் சூடான பாலில் டீப்பையைத் தொங்கவிட்டுத் தருவார்கள். பாலும் வெள்ளை மாறாது, டீயும் இறங்காது. அறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் பெரும்பாலும் இருக்காது. டீ இல்லாமல் பொழுது விடியாதவர்கள் சின்னதாக ஒரு கெட்டில் எடுத்துப் போவது உத்தமம். அங்கே கிடைக்கும் தேயிலையை நம்பி மட்டும் போகாதீர்கள், பாலும் சர்க்கரையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் போதாது. உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான ஹாமோனை அங்கே பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அது ஒரு வாசனைப் பொருள். பச்சை பீன்ஸ் பொரியல் கேட்டால் பீன்ஸோடு அது வரும். பருப்பு சூப் என்று ஆசைப்பட்டால் அடியில் சோரிஸோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும். கலந்த சாலட்டில் சூரை மீன் உட்கார்ந்திருக்கும். 'ஹாமோனும் வேண்டாம், மீனும் வேண்டாம்' என்று பெயர் சொல்லித்தான் விலக்க வேண்டும். நம்பிச் சாப்பிடக்கூடியவையும் நிறைய உண்டு: குளிர்ந்த தக்காளி சூப்பான கஸ்பாச்சோ, பொரித்த பச்சை மிளகாயான பாத்ரோன், முட்டை ஆகுமென்றால் உருளைக்கிழங்குத் தோர்த்தியா. செவில் பக்கம் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் செய்வார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு நம்மவர்கள் சமையல்காரரைக் கட்டிப்பிடிக்காத குறை.

பாஸ்போர்ட் விவகாரம் சட்டம். தங்குபவர் விவரத்தைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது அங்கே நெடுங்காலக் கடமை. 2021இல் வந்த அரசாணை ஒன்று 2024 டிசம்பர் 2 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் கேள்விகள் கூடிவிட்டன: வீட்டு முகவரி, தொலைபேசி, பணம் செலுத்திய விதம், கூட வரும் சிறுவர் உங்களுக்கு என்ன உறவு என்பது வரை. மூன்று ஆண்டு விவரங்களை வைத்திருக்க வேண்டும். தவறினால் அபராதம் 30,000 யூரோ வரை போகும். ஓட்டல்காரர்களே இதை எதிர்த்துப் புலம்பினார்கள். ஆகவே அந்த வரவேற்பாளர் ஒற்றை விரலால் உங்கள் தெருப் பெயரைத் தட்டும்போது பொறுமையாக எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். அவருக்கும் அது பிடித்த வேலையில்லை.

நட்சத்திரங்களை ரொம்ப நம்ப வேண்டாம். ஸ்பெயினில் 17 தன்னாட்சிப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்றுலா விதி. அறையின் பரப்பு, லிஃப்ட் போன்றவற்றைத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். அக்கறையை அளக்க அளவுகோல் கிடையாது. வாசலில் உள்ள நீலப் பலகையில் எழுத்தைப் பாருங்கள். 'எச்' என்றால் ஓட்டல். 'எச்' பக்கத்தில் சின்ன 'எஸ்' இருந்தால் ஓஸ்தால், அதாவது குடும்பம் நடத்தும் சிறு விடுதி. பலர் நினைப்பதுபோல மாணவர்கள் அடுக்குக் கட்டிலில் படுக்கும் இடமில்லை. அதன் நட்சத்திரம் வேறு ஏணி. சுத்தமான ஓர் இரட்டை நட்சத்திர ஓஸ்தால் சோம்பேறித்தனமான ஓட்டலைவிட எவ்வளவோ மேல். பல ஓஸ்தால்கள் குடியிருப்புக் கட்டடத்தின் ஒரு மாடியை மட்டும் பிடித்திருக்கும். பார்சிலோனாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் ஓர் இடைத்தளம், அதற்கு மேல் முதன்மைத் தளம், அதற்கும் மேல்தான் ஒன்றாம் மாடி. 'ஒன்றாம் மாடிதானே' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கும் முன் லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவு குறைக்கும் நடுவே மனசாரப் பரிந்துரைக்க ஒன்று உண்டென்றால் பாரடோர்தான். அரசாங்கமே நடத்தும் ஓட்டல்கள். முதல் பாரடோரை 1928 அக்டோபரில் கிரேதோஸ் மலையில் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோ திறந்து வைத்தார். தனியார் முதல் போடத் தயங்கிய இடங்களில் அரசு ஓட்டல் கட்டி ஆட்களை வரவழைக்கும் எண்ணம். பிறகு பாழடைந்து கிடந்த கோட்டைகளையும் மடங்களையும் செப்பனிட்டு அறைகளாக்கினார்கள். இன்று நூற்றுக்குச் சற்றே குறைவு. சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் கதீட்ரலுக்குப் பக்கத்தில் நிற்பது, நடந்து வரும் யாத்திரிகர்களுக்காக அரசர் ஃபெர்டினாண்டும் அரசி இஸபெல்லாவும் 1499இல் ஆணையிட்டுக் கட்டிய மருத்துவமனை, 1954இல் ஓட்டலானது. கிரனாடாவில் அல்ஹம்ப்ரா மதிலுக்குள்ளேயே ஒரு பழைய மடம். இறந்த இஸபெல்லாவை 1521இல் அரச தேவாலயத்துக்கு மாற்றும் வரை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். லியோனின் சான் மார்கோஸ் இன்று ஐந்து நட்சத்திரம். 17ஆம் நூற்றாண்டில் கவிஞர் கெவேதோவை அடைத்து வைத்த இடம் அது, உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான குடியரசுக் கைதிகளின் முகாமும் அதுவே. பஞ்சு மெத்தையில் படுக்கும் முன் அது தெரிந்திருப்பது நல்லது.

சுவர் பிரச்சினைக்கும் இங்கே தீர்வு இருக்கிறது. பீரங்கிக் குண்டைத் தாங்கக் கட்டிய சுவரைப் பக்கத்து அறைக் குறட்டை தாண்டாது. வைஃபையும் தாண்டாது என்பது வேறு விஷயம். விலை கூடுதல்தான், ஆனாலும் 55 வயதைக் கடந்தவர்களுக்குத் தனித் தள்ளுபடி உண்டு, மகன் மகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பணிவிடையில் கொஞ்சம் அரசு அலுவலக வாடை அடிக்கும். அவசரப்படுத்தினால் மேலும் மெதுவாகும்.

நிஜமாகவே நியாயமில்லாதது நடந்தால், பதிந்த அறை ஒன்று கொடுத்தது ஒன்று என்றால், கத்த வேண்டாம். 'ஓஹாஸ் தே ரெக்லமசியோனெஸ்' என்று கேளுங்கள். புகார்ப் படிவம். எல்லா ஓட்டலிலும் அது இருக்க வேண்டும், இருக்கிறது என்று சுவரில் அறிவிப்பும் ஒட்டியிருப்பார்கள், கேட்டால் மறுக்கக் கூடாது. அந்தப் பெயரைச் சொன்னதும் அதுவரை வராத மேலாளர் வருவார். பாதி நேரம் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் உட்கார்ந்து எழுதுங்கள்: தேதி, அறை எண், நடந்தது என்ன, உங்களுக்கு என்ன வேண்டும். ரசீதைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். படிவம் பல பிரதிகளாக இருக்கும். ஒன்று ஓட்டலுக்கு, ஒன்று அரசு நிர்வாகத்துக்கு, ஒன்று உங்களுக்கு. உங்கள் பிரதியைக் கிழித்து வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.